சந்தை ஏறினாலும் லாபம், இறங்கினாலும் லாபம்: அந்தப் பணத்தைக் கொடுப்பது யார்?

நெய்வேலி டவுன்ஷிப்பில் ரிட்டயர்மென்ட் இரண்டு விஷயங்களைச் சேர்த்தே கொண்டுவரும். இத்தனை வருடம் இருந்த குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பி.எஃப்., கிராஜுவிட்டி, லீவ் சம்பளம் என்று வாழ்நாளில் மொத்தமாகப் பார்த்திராத ஒரு தொகை வங்கிக் கணக்கில் வந்து உட்காரும். வடலூரிலோ விருத்தாசலத்திலோ மந்தாரக்குப்பத்திலோ வீடு கட்டியது போக மிச்சம் இருப்பதை என்ன செய்வது? சுரங்க விரிவாக்கத்துக்கு நிலம் கொடுத்த சுற்றுவட்டார கிராமத்துக் குடும்பங்களுக்கும் இதே கேள்விதான். தொகையும் அது வந்த வழியும் வேறு, அவ்வளவே.

பதில் சொல்ல ஆள் குறைவில்லை. ஒரு காலத்தில் மனை, நகை, சீட்டு என்று வீட்டுக்கு வந்தார்கள். இப்போது போனில் வருகிறார்கள். "மார்க்கெட் ஏறினாலும் லாபம், இறங்கினாலும் லாபம் சார். மாசம் மூணு பர்சன்ட். ரிஸ்க்கே இல்ல." கூடவே மார்க்கெட் நியூட்ரல், ஹெட்ஜ்டு, ஆப்ஷன் செல்லிங் என்று நாலைந்து வார்த்தைகள். கேட்பவருக்கு அர்த்தம் புரியாது. ஆனால் சொல்பவருக்குப் புரிந்திருக்கும் என்று தோன்றும்.

இதில் சிக்கல் என்னவென்றால், அந்த வார்த்தைகள் பொய் இல்லை. சந்தையின் திசையைப் பற்றிக் கவலைப்படாமல் லாபம் பார்க்கும் முறைகள் நிஜமாகவே இருக்கின்றன. செபி அனுமதித்த மியூச்சுவல் ஃபண்டுகளே அதைச் செய்கின்றன. ஆகவே "எல்லாம் ஃபிராடு" என்று ஒதுக்கிவிட்டால் பாதி உண்மைதான் கிடைக்கும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: திசை எதுவானாலும் ஒருவருக்கு லாபம் வருகிறது என்றால், அதை யார் கொடுக்கிறார்? எதற்காகக் கொடுக்கிறார்?

நெய்வேலிக்கு இது புதிய யோசனை அல்ல. என்.எல்.சி. மின்சாரம் விற்கும் விதத்தைப் பாருங்கள். பெரும்பகுதி மின்சாரம் தமிழ்நாடு உள்ளிட்ட தென் மாநில மின் வாரியங்களுக்கு நீண்டகால ஒப்பந்தத்தில் போகிறது. கட்டணத்தை மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. அனல்மின் நிலையத்தில் போட்ட பங்கு மூலதனத்துக்கு 15.5 சதவீத வருமானம் என்பது அந்தக் கணக்கின் அடிப்படை. மின்சாரச் சந்தையில் அன்றைக்கு விலை ஏறியதா, இறங்கியதா என்பது அந்த வருமானத்தைப் பெரிதாகத் தொடாது. ஏன்? விலை ஆபத்தை எதிர்முனையில் மின் வாரியம் சுமக்கிறது. அதன் வழியாகக் கரண்ட் பில் கட்டுபவர் சுமக்கிறார். ஏற்ற இறக்கம் எங்கும் மறைந்து போவதில்லை, கை மாறுகிறது.

ஒன்றரை ரூபாய் கணக்கு

இருப்பதில் எளிமையானது ஆர்பிட்ரேஜ். ஒரு பங்கு இன்றைய சந்தையில் 250 ரூபாய். அதே பங்கின் மாதக் கடைசி ஃபியூச்சர்ஸ் 251.50 ரூபாய். ஒருவர் பங்கை 250-க்கு வாங்குகிறார். அதே நேரத்தில் ஃபியூச்சர்ஸை 251.50-க்கு விற்கிறார். மாதக் கடைசியில் இரண்டு விலையும் ஒன்றாகிவிடும் என்பது ஒப்பந்த விதி.

பங்கு 270-க்குப் போனால் வாங்கியதில் 20 ரூபாய் லாபம், விற்றதில் 18.50 நஷ்டம். மிச்சம் 1.50. பங்கு 230-க்கு விழுந்தால் வாங்கியதில் 20 நஷ்டம், விற்றதில் 21.50 லாபம். அப்போதும் மிச்சம் அதே 1.50. திசை உண்மையிலேயே தேவைப்படவில்லை.

அந்த ஒன்றரை ரூபாயைக் கொடுத்தது யார்? ஃபியூச்சர்ஸ் வாங்கியவர். முழுப் பணம் கட்டாமல், மார்ஜின் மட்டும் கட்டி, பங்கு ஏறும் என்று பந்தயம் வைத்தவர். மீதிப் பணத்துக்கு அவர் மறைமுகமாகக் கட்டும் வட்டிதான் இது. அதனால்தான் ஆர்பிட்ரேஜ் ஃபண்டுகளின் வருமானம் நாட்டின் வட்டி விகிதத்தை ஒட்டியே நகர்கிறது. 250 ரூபாய்க்கு மாதம் 1.50 என்றால் ஆண்டுக்கு சுமார் 7 சதவீதம், அதுவும் செலவு போவதற்கு முன். வட்டி அடிமட்டத்தில் இருந்த 2021-ல் இந்த வகை ஃபண்டுகள் 4 சதவீதத்தை ஒட்டியே கொடுத்தன.

ஆக, சட்டப்படி, வெளிப்படையாக, நிபுணர்கள் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு செய்யும் திசை சாராத முதலீட்டின் கூலி 6, 7 சதவீதம். ஆண்டுக்கு. போனில் சொல்லப்படுவதோ மாதத்துக்கு 3. அதைக் கூட்டு வட்டியில் போட்டால் ஆண்டுக்கு 42 சதவீதத்துக்கு மேல். 20 லட்சம் ரூபாய் 5 ஆண்டில் 1 கோடியே 17 லட்சம் ஆக வேண்டும். 7 சதவீதத்தில் அதே 20 லட்சம் 28 லட்சம் ஆகும். இந்த இரண்டு தொகைக்கும் நடுவில் இருக்கும் 89 லட்சத்தை யார் தருகிறார் என்று கேட்டால் போதும், போனில் பேசுபவர் பேச்சை மாற்றிவிடுவார்.

இன்னொரு பக்கமும் உண்டு. திசை வேண்டாம் என்பவர் திசை தரும் கூலியையும் விட்டுக்கொடுக்கிறார். நெய்வேலியிலேயே உதாரணம் இருக்கிறது. 2013-ல் என்.எல்.சி. பங்குகளை விற்க மத்திய அரசு முடிவெடுத்தபோது தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அன்றைய முதல்வர் ஜெயலலிதா, தனியாருக்குப் போக வேண்டாம், தமிழக அரசு நிறுவனங்களே வாங்கிக்கொள்ளும் என்றார். அப்படியே 3.56 சதவீதப் பங்குகள் சுமார் 358 கோடி ரூபாய்க்கு மாநில நிறுவனங்களின் கைக்கு வந்தன. கணக்குப் போட்டால் ஒரு பங்கு 60 ரூபாய். 2024 மார்ச்சில் மத்திய அரசு மறுபடி விற்றபோது அடிப்படை விலையே 212 ரூபாய். நடுவில் கொரோனா சரிவில் அந்த 60-க்கும் கீழே போய் வந்தது. அதைத் தாங்கிப் பிடித்திருந்தவருக்குக் கிடைத்த கூலி அது. ஆர்பிட்ரேஜில் அந்தப் பயமும் இல்லை, அந்தக் கூலியும் இல்லை.

நடுநிலை என்பது ஓய்வு அல்ல

இதைவிட நுணுக்கமான முறைகள் உண்டு. நல்ல பங்கு என்று நினைப்பதை வாங்கி, மோசம் என்று நினைப்பதை ஷார்ட் அடிப்பது அதில் ஒன்று. மொத்தச் சந்தை விழுந்தாலும், நல்லது குறைவாக விழுந்து மோசமானது அதிகமாக விழுந்தால் லாபம். 1949-ல் அமெரிக்காவில் ஆல்ஃபிரட் வின்ஸ்லோ ஜோன்ஸ் என்பவர் இப்படி ஒரு ஃபண்டை ஆரம்பித்தார். ஹெட்ஜ் ஃபண்ட் என்று இன்று சொல்லப்படுவதன் தொடக்கம் அதுதான். மனிதர் அதற்கு முன் பத்திரிகையாளர்!

இந்தியாவில் இந்த வகை முறைகள் பெரிய பணக்காரர்களுக்கான மாற்று முதலீட்டு நிதிகளில்தான் அதிகம். அங்கே குறைந்தபட்ச முதலீடு 1 கோடி ரூபாய். 2025 ஏப்ரல் முதல் 'ஸ்பெஷலைஸ்டு இன்வெஸ்ட்மென்ட் ஃபண்ட்' என்ற புதிய வகையை செபி அனுமதித்திருக்கிறது. நுழைவுத் தொகை 10 லட்சம். ரிட்டயர்மென்ட் பணத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இது வந்துவிட்டது. பெயரில் 'லாங்-ஷார்ட்' என்று இருக்கும். ஆனால் ஹெட்ஜ் இல்லாத ஷார்ட் பொசிஷன் அதிகபட்சம் 25 சதவீதம் வரைதான் இருக்கலாம். அதாவது பெயரைப் பார்த்து 'முழு நடுநிலை' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சந்தை விழுந்தால் இவையும் விழக்கூடும்.

நெய்வேலி சுரங்கத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். லிக்னைட் படிவத்துக்குக் கீழே நிலத்தடி நீர் மேல்நோக்கி அழுத்திக்கொண்டே நிற்கிறது. ராப்பகலாக பம்பு ஓடி அந்த நீரை இறைத்தால்தான் சுரங்கத்தின் தரை தாங்கும். மேலே நின்று பார்ப்பவருக்குத் தரை அசையாமல் இருக்கிறது. கீழே அழுத்தம் நிற்பதே இல்லை. சந்தையில் நடுநிலை என்பதும் இப்படித்தான். இரண்டு பக்கமும் சமன் ஆகியிருக்கிறது என்றால் அழுத்தம் இல்லை என்று அர்த்தமில்லை.

பம்பு நின்ற கதை 1998-ல் நடந்தது. லாங் டேர்ம் கேப்பிடல் மேனேஜ்மென்ட் என்ற அமெரிக்க ஃபண்டில் மைரன் ஷோல்ஸ், ராபர்ட் மெர்ட்டன் ஆகிய இருவரும் பங்காளிகள். முந்தைய ஆண்டுதான் பொருளாதார நோபல் வாங்கியவர்கள். சற்றே விலை விலகி நிற்கும் இரண்டு பத்திரங்களில் ஒன்றை வாங்கி மற்றதை விற்பது, விலகல் மூடும் வரை காத்திருப்பது, இதுதான் அவர்கள் தொழில். கிடைப்பது சில்லறை என்பதால் கைப்பணத்தைப் போல 25 மடங்குக்கும் மேல் கடன் வாங்கிச் செய்தார்கள். 1998 ஆகஸ்டில் ரஷ்யா கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. மூட வேண்டிய விலகல்கள் இன்னும் விரிந்தன. கடைசியில் அமெரிக்க மத்திய வங்கி கூட்டிய கூட்டத்தில் 14 நிதி நிறுவனங்கள் சேர்ந்து 360 கோடி டாலருக்கு மேல் போட்டு அதைத் தூக்கி நிறுத்த வேண்டியதாயிற்று.

ஜூன் 4-ம் தேதி என்ன நடந்தது?

வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் இன்று அதிகம் விற்கப்படுவது ஆப்ஷன் செல்லிங். அதிலும் 'ஸ்ட்ராங்கிள்'. நிஃப்டி ஒரு எல்லைக்கு மேலே போகாது என்று ஒரு கால் ஆப்ஷனையும், ஒரு எல்லைக்குக் கீழே வராது என்று ஒரு புட் ஆப்ஷனையும் சேர்த்து விற்பது. இரண்டுக்கும் நடுவில் நிஃப்டி எங்கே நின்றாலும் பிரீமியம் விற்றவருக்கு. "ஏறினாலும் சரி, இறங்கினாலும் சரி" என்ற விளம்பரம் இதிலிருந்துதான் பிறக்கிறது.

இங்கே பணம் கொடுப்பவர் யார் என்பது தெளிவு: இன்சூரன்ஸ் வாங்குபவர். அப்படியென்றால் விற்பவர் இன்சூரன்ஸ் கம்பெனி. ஒரு வித்தியாசம், கம்பெனிக்கு ஆயிரம் வீடுகள் உண்டு, எல்லாம் ஒரே நாளில் எரியாது. ஆப்ஷன் விற்பவருக்கு ஒரே வீடுதான்.

2024 மக்களவைத் தேர்தல் முடிவை நினைவுபடுத்திக்கொள்வோம். ஜூன் 3, திங்கட்கிழமை. கருத்துக்கணிப்பு உற்சாகத்தில் நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல் ஏறி 23,263-ல் முடிந்தது. ஒருவர் 24,000 கால், 22,500 புட் இரண்டையும் விற்று மொத்தம் 300 ரூபாய் பிரீமியம் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் 700 புள்ளிக்கு மேல் இடைவெளி இருக்கிறது. நிம்மதியாகத் தூங்கலாம் போலத்தான் இருக்கும். மறுநாள் வாக்கு எண்ணிக்கை. நிஃப்டி கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்து 21,884-ல் முடிந்தது. அந்த புட் ஆப்ஷனின் உள்மதிப்பே 615 ரூபாய் ஆகிவிட்டது. வாங்கிய 300 போக, அதைவிடப் பெரிய பள்ளம். நடுப்பகலில் நிலைமை இன்னும் மோசம்.

கதை அத்தோடு முடியவில்லை. அந்த வார ஆப்ஷன்கள் காலாவதியான வியாழக்கிழமை, ஜூன் 6 அன்று, நிஃப்டி 22,821-ல் முடிந்தது. 22,500-க்கு மேலே! விற்ற புட் ஆப்ஷன் மதிப்பே இல்லாமல் போயிருக்கும். முழு 300 ரூபாயும் லாபம். கணிப்பு சரிதான். ஆனால் செவ்வாய்க்கிழமை மதியம் புரோக்கர் கூடுதல் மார்ஜின் கேட்டபோது போட முடியாதவர்களின் பொசிஷன் அங்கேயே, உச்ச நஷ்டத்தில் மூடப்பட்டிருக்கும். வியாழக்கிழமையை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். திசை பற்றிக் கவலை இல்லை என்று சொல்லும் யாரும் போகும் வழியைப் பற்றிச் சொல்வதில்லை. இங்கே ஆளை விழுத்துவது வழிதான்.

செபியின் ஆய்வுகள் இதை மொத்தமாகக் காட்டுகின்றன. 2022 முதல் 2024 வரையிலான 3 நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய 1 கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்தார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். 2025 நிதியாண்டில் மட்டும் 1,05,603 கோடி. ஒவ்வொரு விற்பவருக்கும் எதிரே ஒரு வாங்குபவர் இருக்கிறார் என்றால், இந்தப் பணம் எங்கே போயிருக்கும்? 2024 நிதியாண்டில் லாபம் பார்த்தவர்கள் யார் என்று செபியே சொல்கிறது: சொந்தப் பணத்தில் வியாபாரம் செய்யும் நிறுவனங்களும் வெளிநாட்டு முதலீட்டாளர்களும். அவர்களின் லாபத்தில் ஆகப் பெரும்பகுதி கம்ப்யூட்டர் அல்காரிதம் வழியாக வந்தது.

அதில் ஒரு பெயர் 2025 ஜூலை 3-ம் தேதி எல்லார் வாயிலும் விழுந்தது: ஜேன் ஸ்ட்ரீட். அமெரிக்க வர்த்தக நிறுவனம். செபியின் இடைக்கால உத்தரவு 2024 ஜனவரி 17-ம் தேதியை உதாரணமாக எடுத்து விவரிக்கிறது. காலையில் பேங்க் நிஃப்டியில் உள்ள வங்கிப் பங்குகளையும் அவற்றின் ஃபியூச்சர்ஸையும் 4,370 கோடி ரூபாய்க்கு வாங்கியது. குறியீடு தூக்கிப் பிடிக்கப்பட்டது. அதே நேரத்தில், குறியீடு விழுந்தால் லாபம் தரும் ஆப்ஷன்களில் அதைப்போல 7 மடங்குக்கு மேல் பொசிஷன் எடுத்தது. பிற்பகலில் பங்குகளை விற்றுத் தள்ளியது. பங்கில் சுமார் 61 கோடி நஷ்டம். ஆப்ஷனில் சுமார் 735 கோடி லாபம். ஒரே நாளில். இது விலையைத் திரித்தல் என்பது செபியின் குற்றச்சாட்டு. 4,843 கோடி ரூபாயை முடக்கியது. ஜேன் ஸ்ட்ரீட் மறுக்கிறது. தான் செய்தது வழக்கமான குறியீட்டு ஆர்பிட்ரேஜ்தான் என்கிறது. பணத்தைத் தனிக் கணக்கில் கட்டிவிட்டு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போயிருக்கிறது.

யார் சொல்வது சரி என்பதைச் சட்டம் தீர்மானிக்கட்டும். நெய்வேலியில் மொபைலில் ஒரு லாட் ஆப்ஷன் வைத்திருப்பவருக்குத் தெரிய வேண்டியது இதுதான்: திசை எதுவானாலும் லாபம் பார்க்கும் வசதி உண்மையில் யாருக்கு இருக்கிறதோ, அவர்கள் எதிர்முனையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மாதம் 3 சதவீதம் நிச்சயமாக வரும் சூத்திரம் ஒருவரிடம் இருந்தால், அதை விற்க அவர் போன் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

சந்தையே இல்லாத லாபம்

இன்னொரு வகையும் தமிழ்நாட்டுக்குத் தெரியும். அங்கே சந்தை என்பதே பேச்சுக்குத்தான். ஆருத்ரா கோல்டு டிரேடிங் வழக்கில் மாதம் 30 சதவீதம் வரை வட்டி என்று சொல்லி, சுமார் 1 லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வசூலிக்கப்பட்டதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸார் கூறினார்கள். இந்த மாதிரித் திட்டங்களில் லாபத்தைக் கொடுப்பவர் அடுத்த வாரம் பணம் கட்டப் போகும் பக்கத்து பிளாக்காரர். முதலில் சேர்ந்தவருக்கு நாலு மாதம் பணம் ஒழுங்காக வரும். அவரே ஆள் பிடித்துக் கொடுப்பார். ஒரே ஷிஃப்ட், ஒரே கேன்டீன், ஒருவரை ஒருவர் முப்பது வருடமாகத் தெரிந்த ஊரில் இது எவ்வளவு வேகமாகப் பரவும் என்று சொல்லத் தேவையில்லை. டெபாசிட்டர்களைப் பாதுகாக்க 1997-லேயே தமிழ்நாடு தனிச் சட்டம் போட்டது. அந்தச் சட்டம் பெரும்பாலும் பணம் போன பிறகே வேலை செய்கிறது.

முதலீட்டு ஆலோசகரோ ஆய்வாளரோ வருமானத்துக்கு உத்தரவாதம் தருவதற்கு செபி விதிகளில் இடமில்லை. "நிச்சயம்" என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே பேச்சை நிறுத்திக்கொள்ள அது ஒன்றே போதுமான காரணம். அதோடு செபியும் ஒரு படி மேலே போகலாம். ஆப்ஷன் உத்தி விற்கும் எந்த விளம்பரமும், பயிற்சி வகுப்பும், அதே உத்தி 2024 ஜூன் 4 போன்ற ஒரு நாளில் எவ்வளவு இழந்திருக்கும் என்பதை ரூபாயில், தமிழில், அதே அளவு எழுத்தில் காட்ட வேண்டும் என்று கட்டாயமாக்கினால் பாதி விளம்பரங்கள் தானே ஓய்ந்துவிடும். ரிட்டயர் ஆகிறவருக்கு சால்வை போடும் விழாவில், சங்கங்களும் நிர்வாகமும் இதற்காக ஒரு மணி நேரம் ஒதுக்கினாலும் தப்பில்லை.

சரி, திசை பற்றிய பயமே வேண்டாம் என்று நினைக்கும் ரிட்டயர்டு ஊழியருக்கு என்னதான் வழி? பதில் கொஞ்சம் சப்பென்று இருக்கும்: போஸ்ட் ஆபீஸ். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் வட்டி 2023 ஏப்ரலில் 8.2 சதவீதமாக உயர்த்தப்பட்டது. ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். அந்த விகிதத்தில் 30 லட்சத்துக்கு 3 மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய். சேரும் நாளில் இருக்கும் வட்டி 5 ஆண்டுக்கு மாறாது. கொடுப்பவர் மத்திய அரசு. சிறுசேமிப்பு வழியாகக் கடன் வாங்குவது அதற்குத் தேவையாக இருக்கிறது, அதனால் கொடுக்கிறது. நோபல் பரிசு தேவைப்படாத இந்தத் திட்டம் ஆர்பிட்ரேஜ் ஃபண்டைவிட ஒரு படி மேலே நிற்கிறது என்பது வேடிக்கைதான்.

வரி விஷயத்திலும் ஒரு திருப்பம் உண்டு. ஆர்பிட்ரேஜ் ஃபண்டுகளுக்குப் பங்கு ஃபண்டு மாதிரியே வரி: ஓராண்டுக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம், அதற்குப் பிறகு ஆண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீதம். 30 சதவீத வரம்பில் சம்பளம் வாங்கும்போது இது லாபகரமாக இருந்திருக்கும். ரிட்டயர் ஆன பிறகு கணக்கு மாறுகிறது. 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்குத் தள்ளுபடி கிடைப்பதால் பென்ஷன், வட்டி இரண்டுக்கும் வரி வராமலே போகலாம். ஆனால் அந்தத் தள்ளுபடி பங்கு வகை மூலதன ஆதாயத்துக்குப் பொருந்தாது. "டாக்ஸ் கம்மி சார்" என்று சொல்பவரிடம் யாருக்குக் கம்மி என்று கேட்டுக்கொள்வது நல்லது.

போஸ்ட் ஆபீஸ் வட்டி விலைவாசியை என்றென்றும் ஜெயிக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. இருபது வருடம் வாழ வேண்டிய பணத்தில் ஒரு பகுதி, திசையின் ஆபத்தையும் கூலியையும் சேர்த்து ஏற்றுக்கொண்டு பங்கு ஃபண்டில் இருப்பதில் தவறில்லை. அது வேறு கணக்கு, வேறு பணம். மகள் கல்யாணத்துக்கோ வீட்டுக் கடனுக்கோ வைத்திருப்பது அல்ல.

சேமிப்புத் திட்டத்தில் ஒரு கெடு மட்டும் பலருக்கும் நழுவிவிடுகிறது. 60 வயது ஆனவர் எப்போது வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கலாம். விருப்ப ஓய்விலோ வேறு வகையிலோ 55-க்கும் 60-க்கும் நடுவில் வெளியே வந்தவர், ஓய்வுப் பணம் கைக்கு வந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் அதற்கான சான்றோடு போக வேண்டும். 2023 நவம்பர் வரை அது 1 மாதமாக இருந்தது.